போன சீட்டு

போன ஞாயிறும் காதில் குணுக்கோடுதான் உட்கார்ந்திருந்தேன். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்கு: தோற்றவன் தென்னங்குரும்பையை ஈர்க்குச்சியில் கோத்துக் காதில் தொங்கவிட்டுக்கொண்டே அடுத்த ஆட்டம் ஆட வேண்டும், ஜெயித்தால்தான் கழற்றலாம். எல்லாச் சீட்டையும் வெட்டுகிற துருப்பு ஜாக்கி இன்னும் வெளியே வரவில்லை என்று நான் பயந்து பயந்து இறங்க, அது ரெண்டு சுற்றுக்கு முன்னாலேயே போயிருந்தது. "கையில இருக்கறதையே பாத்துட்டு இருந்தா எப்படி மாப்ள, போன சீட்டை யாரு பாக்கறது?" என்றார் மாமா.

இந்தப் போன சீட்டை வைத்தே ஒரு கணக்கு வாத்தியார் அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸை ஆட்டி வைத்தார். எட்வர்ட் தோர்ப், 1932ல் சிகாகோவில் பிறந்தவர். 1958 கிறிஸ்துமஸ் சமயத்தில் மனைவியோடு வேகாஸ் போனவர், ராணுவத்தில் இருந்த நாலு பேர் கணக்குப் போட்டு வெளியிட்டிருந்த பிளாக்ஜாக் சீட்டாட்ட முறையைத் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆடினார். பத்து டாலரில் எட்டரை போச்சு. நானாயிருந்தால் அதோடு பஸ் ஏறியிருப்பேன்.

தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு உருட்டும் புதுசு. சீட்டுக்கட்டு அப்படியில்லை, போனது மிச்சத்தில் இருக்காது. பிளாக்ஜாக்கில் 21ஐத் தாண்டாமல் கிட்டே போக வேண்டும், ஆனால் டீலர் 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும், நம்மைப் போல நிறுத்திக்கொள்ள முடியாது. அதனால் அஞ்சு மாதிரிச் சின்னச் சீட்டெல்லாம் டீலரைக் காப்பாற்றும், பத்தும் ஆசும் நம் பக்கம். அஞ்செல்லாம் போய்விட்டதா, இனி ஆட்டம் நமக்குச் சாதகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் ஓட்டி இதை எண்ணாகவே காட்டிவிட்டார் தோர்ப். சாதகமான நேரத்தில் பெரிய பந்தயம், மற்ற நேரம் சில்லறை, அவ்வளவுதான் சூட்சுமம். 1961ல் பணக்காரச் சூதாடிகள் கொடுத்த 10,000 டாலரோடு வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் போய் அதை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கினார். 1962ல் 'பீட் தி டீலர்' புத்தகம் வந்தது. 1964 ஏப்ரலில் வேகாஸ்காரர்கள் மிரண்டுபோய் விதியையே மாற்ற, ஆட வருகிற கூட்டம் குறைய, சில வாரத்திலேயே பழையபடி ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் இன்னொரு கூத்து. தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கணித மேதை கிளாட் ஷானனோடு சேர்ந்து, சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டுக்கு என்றே சிகரெட் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் செய்தார். கால்விரலால் அமுக்கினால், பந்து எந்தப் பக்கம் விழும் என்று சொல்லும் சத்தம் காதில் கேட்கும். காதுக்குப் போகிற ஒயர் முடி மாதிரி மெல்லிசு, அடிக்கடி அறுந்துபோகும்.

இதையெல்லாம் மாமாவிடம் நீட்டி முழக்கிச் சொன்னேன், அடுத்த ஆட்டத்திலாவது கொஞ்சம் இரக்கம் காட்டுவார் என்று. சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "காதுல தொங்கவிட்டுட்டா ஆடுனான்? அப்ப அவனும் நம்ம ஆளுதான்" என்றவர், கட்டை வெட்டச் சொல்லி என் பக்கம் நீட்டினார்.