ஒரே வேகம், ஆனால் ஒரே சூடு இல்லை

பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் ஓடும் எங்கள் குழுவில் 60 கிலோ எடையில் ஒரு தம்பியும் 90 கிலோவில் ஒரு அண்ணனும் உண்டு. இருவரும் ஒரே வேகத்தில்தான் கிளம்புவார்கள். மே மாதம் வந்துவிட்டால் பாதி தூரத்திலேயே அண்ணனின் முகம் சிவந்து, கால் தளர்ந்துவிடும். “பயிற்சி பத்தல” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தம்பியைவிடப் பல வருடம் அதிகமாக ஓடியவர் அவர்.

ஓடும்போது ஒவ்வொரு கிலோ எடைக்கும் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். பத்து கிலோமீட்டருக்குத் தம்பிக்கு 600, அண்ணனுக்கு 900. இதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடு. அது வெளியேற வேண்டியது தோல் வழியாக. அண்ணனின் எடை ஒன்றரை மடங்கு. ஆனால் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தம்பிக்கு 1.66 சதுர மீட்டர் தோல், அவருக்கு 2.06தான். கால் பங்குகூடக் கூடவில்லை.

ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். ஈரப்பதம் நிறைந்த நம் கடற்கரைக் காற்றில் அது எங்கே ஆவியாகிறது? சொட்டி மண்ணில் விழுகிற வியர்வையால் உடம்பு குளிராது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக் மாரத்தானை வென்ற தென்னாப்பிரிக்காவின் ஜோசையா துக்வானே சுமார் 45 கிலோ. 2004இல் ஏதென்ஸ் வெயிலில் வென்ற ஜப்பானின் மிசுகி நொகுச்சி ஐந்தடிக்கும் குறைவு, சுமார் 40 கிலோ. அவர்கள் திறமையால் வென்றார்கள், சந்தேகமே இல்லை. சிறிய உடம்பும் துணை நின்றது என்றே நான் நம்புகிறேன்.

அதே அண்ணனை ஜிம் சைக்கிளில் உட்கார வைத்து, இருவருக்கும் ஒரே வாட் (மிதிக்கும் திறன்) கொடுத்துப் பாருங்கள். அங்கே அவர் தன் எடையைச் சுமக்க வேண்டியதில்லை. உண்டாகும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். அது பெரிய உடம்பில் பரவுவதால் அவருக்குத்தான் மெதுவாகச் சூடேறும்.

அதனால் கோடையில் எங்கள் குழுவில் வேகம் பார்த்து ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரவர் இதயத்துடிப்பைப் பார்த்து ஓடட்டும், நடக்க வேண்டுமானால் நடக்கட்டும். யாருக்காவது பேச்சு குழறினாலோ நடை தடுமாறினாலோ அப்புறம் எந்த யோசனையும் வேண்டாம்: நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.