பிள்ளையாரப்பா, காற்றழுத்தம் இறங்கட்டும்

அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. கீழ்த்தளத்தின் பின்பக்கம் ஓர் அறையை நீட்டிக் கட்டலாம் என்று இறங்கினோம். இங்கிலாந்தில் வீட்டை நீட்டியவர்களுக்கு வரைபடம், பக்கத்து வீட்டு ஆட்சேபம் எல்லாம் தெரிந்த கதைதான். திட்ட அனுமதி சொன்ன நாளில் வந்தது. அந்தக் கடிதத்தின் ஆறாவது நிபந்தனைதான் என்னைப் பதினொரு மாதம் அலைக்கழித்தது: நிலத்தடி வாயு ஆபத்தை மதிப்பிட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்கும்வரை மண்ணில் மண்வெட்டி படக் கூடாது.

காரணம், தெருவுக்குப் பின்னால் இருக்கும் கால்பந்துத் திடல். ஒரு காலத்தில் செங்கல்லுக்குக் களிமண் தோண்டிய பள்ளம் அது. பிறகு ஊர்க் குப்பையைக் கொட்டி மூடிப் புல் வளர்த்திருக்கிறார்கள். புதைந்த குப்பை அழுகும்போது கிளம்புவதுதான் அந்த வாயு. வீடு வாங்கும்போது வந்த தேடல் அறிக்கையில் இது இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டினேன். குப்பைமேட்டிலிருந்து 250 மீட்டருக்குள் வீடு இருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள்.

முதலில் மலிவாகக் கிடைத்த ஒருவரிடம் அறிக்கை வாங்கினேன். பழைய வரைபடங்களை ஒட்டி முப்பது பக்கம். வாயு பற்றி முடிவாக ஒரு வரி இல்லை என்று, அனுமதி தரும் உள்ளாட்சியான கவுன்சில் திருப்பி அனுப்பியது. பணம் போனது போனதுதான்.

இரண்டாவது நிறுவனம் தோட்டத்தில் மூன்று துளைகள் போட்டுக் கண்காணிப்புக் குழாய்களை இறக்கியது. ஒன்றில் நிலத்தடி நீர் ஏறி, குழாயின் வெட்டுத் துவாரங்கள் அனைத்தும் மூழ்கிவிட்டன. அப்படி மூழ்கினால் மண்ணிலுள்ள வாயு குழாய்க்குள் வராது, அளவீடும் செல்லாது. மீதி இரண்டில் இரண்டு மாதத்தில் ஆறு முறை அளந்தார்கள். மெத்தேன் இல்லை, கரியமில வாயு கொஞ்சம். கொண்டாடினோம்.

மூன்று வாரம் கழித்துக் கவுன்சிலின் பதில் வந்தது: ஆறு அளவீடுகளும் வெயில் நாட்களில் எடுத்தவை, ஏற்க இயலாது. காற்றழுத்தம் 1000 மில்லிபாருக்குக் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டே இருக்கும் வேளையில் எடுத்த ஓர் அளவீடாவது வேண்டுமாம்.

வீண் பிடிவாதம் என்றுதான் திட்டினேன், லோஸ்கோ பற்றிப் படிக்கும்வரை. டார்பிஷயரில் உள்ள சிற்றூர். 1986 மார்ச் 24 அன்று அதிகாலை, அங்கே குப்பைமேட்டிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி இருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவருக்கும் படுகாயம். ஏழு மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் சரிந்திருந்தது. மேலே அழுத்தம் குறையவும், பாறை விரிசல்கள் வழியாக மெத்தேன் வீட்டுக்கு அடியில் வந்து சேர்ந்துவிட்டது. காற்றில் ஐந்திலிருந்து பதினைந்து சதவீதம் மெத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும்.

அதன்பின் நான் புயலுக்காகக் காத்திருந்தேன். ஊரெல்லாம் வெயில் வராதா என்று ஏங்க, நான் கைபேசியில் காற்றழுத்தத்தைப் பார்த்தபடி பிள்ளையாரிடம் முறையிட்டேன். "வீடு கட்டப் புயல் கேட்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார் அம்மா. முதல் புயலின்போது அளப்பவர் வேறு ஊரில் இருந்தார். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாவதில் மனிதர் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். மானியில் 986, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் நாட்களில் இரண்டைத் தாண்டாத கரியமில வாயு அன்று 6.1 சதவீதம்! ஐந்தைத் தாண்டியதால் எங்கள் நிலம் ஒரு படி மேலான ஆபத்து வகைக்குப் போனது. வாயு வீட்டுக்குள் ஏறாமல் தரைக்கு அடியில் போடும் வாயுத் தடுப்பு விரிப்பு கட்டாயம்.

விரிப்பின் விவரம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோது கவுன்சில் அலுவலர் சாவகாசமாகச் சொன்னார்: "சின்ன நீட்டிப்புதானே? விரிப்புப் போடுகிறேன் என்று முதலிலேயே எழுதியிருந்தால் நாங்கள் அளவீடே கேட்டிருக்க மாட்டோம்." இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். எல்லாக் கவுன்சிலும் இதற்கு ஒப்புக்கொள்ளாது. ஆனால் துளை போடும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

கட்டுமானத்திலும் ஒரு கண்டம். ஒப்பந்தக்காரர் சாதாரண ஈரத்தடுப்புப் பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து, "இரண்டும் ஒன்றுதான் சார்" என்றார். ஒன்றல்ல. அன்று நான் அலுவலகம் போகாமல் வீட்டில் இருந்தது என் அதிர்ஷ்டம். சரியான விரிப்பைப் போட்ட பிறகும், தனிச் சரிபார்ப்பாளர் வந்து பார்த்துப் படம் எடுக்கும்வரை மேலே கான்கிரீட் ஊற்ற விடாதீர்கள். கழிவுநீர்க் குழாய் விரிப்பைத் துளைத்து வரும் இடத்தில் ஒட்டு சரியில்லை என்று அவர் மறுபடி ஒட்டச் சொன்னார். கான்கிரீட் ஊற்றியிருந்தால் உடைத்திருக்க வேண்டும்.

ஒப்புதல் கடிதம் போன வாரம் வந்தது. குழாய்கள் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றை முறைப்படி அடைக்க ஆள் வர வேண்டும், அதற்குத் தனி பில். அதுவரை ஒன்றின் மூடிமேல் அம்மா கறிவேப்பிலைத் தொட்டியை வைத்திருக்கிறார்.