மேனேஜர் கையில் இருப்பது

தொழிலாளர் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்ட புரொடக்‌ஷன் மேனேஜரால் முடியாது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பல வருஷம் அந்த வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஜோடிக்கு என்ன விலை என்று ஷூவை வாங்கும் பையரும் முதலாளியும் பேசி முடித்திருப்பார்கள். ஷிப்மெண்ட் தேதியும் அங்கேயே முடிவாகிவிடும். தோல் பதனிடும் டேனரியிலிருந்து தோல் தாமதமாக வந்தால், போன நாட்களைத் தயாரிப்பு லைனில் இருப்பவர்கள்தான் ஈடுகட்ட வேண்டும். "உங்களாண்ட சொன்னா நடக்கும்னுதான் சார் வந்தோம்" என்று போனஸ் கேட்டு வரும் பெண்களிடம், மேலே பேசிப் பார்க்கிறேன் என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடிந்ததில்லை.

ஆனாலும், தனக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லும் மேனேஜரை நான் நம்புவதில்லை. காலை மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) "இன்னிக்கு எத்தனை ஜோடி வரும்?" என்று கேட்பார். அப்போது நாம் சொல்லும் எண்ணைப் பொறுத்துத்தான் இருநூறு பேரின் அன்றைய பொழுது. ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் போட்ட கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். தோல் அப்படி ஒரே சீராக இருக்காது. ஒன்றில் முள் கீறல், இன்னொன்றில் உண்ணி கடித்த தழும்பு, வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. கட்டிங்கில் இதையெல்லாம் ஒதுக்கி வெட்ட நேரம் பிடிக்கும். புது ஸ்டைல் ஏறினால் முதல் சில நாள் தையலில் கை பழகாது. இவற்றைக் காரணம் காட்டி "ஆயிரம் வராது சார், எழுநூறுதான்" என்றால் ஜி.எம். முறைப்பார், பெரும்பாலும் ஒப்புக்கொள்ளவும் செய்வார். பயந்துபோய் ஆயிரம் என்று சொல்லிவிட்டால், மிச்ச முந்நூறும் முடியும்வரை சாயங்காலம் லைனில் வசவு விழும். பேரணாம்பட்டு பஸ் கிளம்பாமல் நிற்கும், அதில் போக வேண்டியவர்களின் பிள்ளைகள் வீட்டில் காத்திருப்பார்கள்.

ஆளை இடம் மாற்றுவதும் நம் கையில் இருக்கிறது. பெண்களைக் கெட்ட வார்த்தையில் பேசும் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார், மேலிடத்துக்கு வேண்டியவர். வேலையை விட்டு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. ஸ்டிச்சிங்கிலிருந்து டெஸ்பாட்சுக்கு மாற்ற என் கையெழுத்து போதும். மாற்றினேன். மேலிடத்திலிருந்து போன் வந்தது. அவர் லைனில் மட்டும் ஆள் நிற்பதில்லை என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினேன், அதோடு விட்டுவிட்டார்கள்.

பலர் இதற்கே தயங்குவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் தொழிலாளியாகக் கணக்கில் எடுக்கவில்லை. வேலை போனால் தொழிலாளர் கோர்ட் படியேற முடியாத நிலை. ஆனால் அப்போதிருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி விதிமீறல் நடந்தால், டைரக்டரோடு சேர்த்து, தொழிற்சாலை மேனேஜர் என்று அரசிடம் யார் பெயரைக் கொடுத்திருக்கிறார்களோ அவரும் குற்றவாளி. எங்கள் யூனிட்டில் கொடுத்திருந்தது என் பெயர். வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டிய ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் போடாமல் ஒரு சம்பள ஷீட் வந்தபோது கையெழுத்துப் போட மறுத்தேன். "கேஸ் ஆனா கூண்டுல நிக்கப்போறது நான்தானே சார்" என்றேன். சில நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு திருத்திய ஷீட் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து அக்கவுண்ட்ஸ்காரர்கள் என்னைக் கேட்காமலே இரட்டைக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள்.