படம் பார்க்கும் நாளில் முதலில் ஓவியம் பாருங்கள்

மதுரையிலிருந்து முதுகலை படிக்கக் கொழும்புக்கு வந்து ஆறு மாதம் வரை வெள்ளவத்தை போர்டிங், வகுப்பு, நூலகம் இவற்றைத் தாண்டி நான் எங்கும் போகவில்லை. இலங்கை சினிமா பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வந்த பிறகுதான் ஒரு சனிக்கிழமையை முழுசாக ஒதுக்கினேன். முதலில் ஒரு போயா நாளைத்தான், அதாவது பௌர்ணமி விடுமுறை நாளைத்தான், நினைத்திருந்தேன். போர்டிங் அன்ரி தடுத்துவிட்டார்: "தம்பி, போயா அண்டைக்குப் போகாதேங்கோ, பாதி இடம் பூட்டிக் கிடக்கும்."

காலையில் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் பவுண்டேஷன். ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. திறந்திருக்கும் நேரம் குறைவு, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். 1943இல் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படைப்புகள் அங்கே வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. என்னை நிறுத்தியவர் ஐவன் பீரிஸ். கடற்கரை, தனியாக நிற்கும் மனிதர்கள். இங்கிலாந்தில் பல வருடங்கள் வாழ்ந்தபோதும் அவர் தீட்டியது பெரும்பாலும் பிறந்த நாட்டுக் கரையைத்தான். ஊரை விட்டு வந்திருக்கும் எனக்கு அந்தக் கரையை விட்டு நகர மனம் வரவில்லை. பெயர்ப்பலகையைப் படிக்காமல், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, ஆட்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று மட்டும் பார்த்தேன்.

மதியம் சோற்றுப் பார்சல். பிறகு தேசிய அருங்காட்சியகம். பெரிய இடம், எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிலைகள் போதும். தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையார் எலும்பும் தோலுமாக இருக்கிறார், ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிறைவு!

மாலையில் ஒரு சிறிய அரங்கில் 'ரேகாவ' திரையிட்டார்கள். 1956இல் வந்த சிங்களப் படம், அடுத்த வருடம் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஐவனின் அண்ணன். இந்த உறவு தெரிந்துதான் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டேன். இதே படத்தை முன்பு லேப்டாப்பில் பார்த்தபோது ஆங்கில சப்டைட்டிலைத் துரத்தியே கண் களைத்துப்போனது. இந்த முறை பாதி வரிகளை விட்டுவிட்டேன். காலையில் ஓவியத்தில் தேடியதையே திரையிலும் தேடினேன்: வெயில், நிழல், ஆட்களுக்கு நடுவே உள்ள இடம். ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து கிராமத்தில் எடுத்த படம் என்று புத்தகத்தில் படித்தது அப்போதுதான் கண்ணுக்குப் புரிந்தது.

அதற்கு முன் சிங்களப் படங்களை எடுத்த ஸ்டுடியோக்கள் எங்கே இருந்தன தெரியுமா? பெரும்பாலும் தென்னிந்தியாவில். 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படத்தை எடுத்ததே எங்கள் மதுரையில்தான். இருபத்து மூன்று வருடம் அந்த ஊரில் வாழ்ந்தும் எனக்கு இது தெரியாது.

திரும்பி வந்ததும் தூங்குவதற்கு முன் இரண்டு பக்கம் எழுதிவிடுங்கள், அதுவும் தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் வகுப்பில் கேட்ட சொற்கள்தான் வரும், நாம் பார்த்தது வராது. பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். என் கட்டுரையின் முதல் பத்தி அன்றிரவு எழுதிய அந்தப் பக்கங்களிலிருந்து வந்ததுதான். அன்ரியிடம் மதுரைக் கதையைச் சொன்னேன். "உண்மையாவோ?" என்று கேட்டு, பிளேன்டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார்.