மூன்று மாத்திரையில் போன மூன்று வாரம்

மனைவிக்கு ஸ்டெம்செல் (ரத்தத்தை உருவாக்கும் செல்) மாற்றியது, அது உடம்பில் பிடித்தது எல்லாம் சொன்னபடி நடந்தது. அப்புறம்தான் வயிற்றுப்போக்கு. அவள் அண்ணன் கொடுத்த செல்லே அவள் குடலைத் தாக்குகிறது, ஜி.வி.எச்.டி என்றார்கள். எவ்வளவு போகிறது என்று அளவுக் குவளையில் பிடித்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஆயிரம் மில்லியைத் தாண்டிய நாளில் நோட்டைத் திறக்கவே கை வரவில்லை.

ஸ்டீராய்டுக்கு அடங்கவில்லை. ரக்ஸோலிட்டினிப் என்ற மாத்திரை கொடுத்தும் பாதிதான் குறைந்தது. ஆன்டிபயாடிக்கில் அழிந்துபோன நல்ல பாக்டீரியாவை வேறொருவர் மலத்திலிருந்து எடுத்துக் குடலில் செலுத்திப் பார்க்கலாம் என்றார் சென்னை டாக்டர். இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. இப்படி மலத்திலிருந்து செய்து, அமெரிக்காவில் 2022, 2023-இல் அனுமதி கிடைத்த இரண்டு மருந்துகளும் திரும்பத் திரும்ப வரும் சி.டிஃப் என்ற குடல் பாக்டீரியா தொற்றுக்குத்தானாம்.

ஸ்டெம்செல்லுக்குப் பார்ப்பதுபோல் இதற்கு ஹெச்.எல்.ஏ என்ற திசுப் பொருத்தம் தேவையில்லை. சரி, நானே கொடுக்கிறேன் என்று சேலத்திலிருந்து ரயில் ஏறினேன். படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா? இரண்டு மாதம் முன்பு காய்ச்சலுக்குத் தெருமுனை மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய மூன்று அசித்ரோமைசின் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த ரயிலில் திரும்பினேன். கொடுக்கப் போகிறவர் கிளம்புமுன் மாத்திரைக் கதையை முதலில் கேளுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்க்கும் மச்சானைக் கூப்பிட்டேன். “செல்லும் குடுத்தாச்சு, இதையும் குடுத்துட்டா அப்புறம் என்ன மாப்ள மிச்சம்?” என்று சிரித்தார். ஆனால் மறுநாள் காலையே, டெஸ்டுக்கான மலம் இருந்த டப்பாவை ஐஸ் பையில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் இறங்கி வந்துவிட்டார்.

சேலம் லேபில் பில் போடும் பெண், என்னென்ன டெஸ்ட் என்று சென்னை டாக்டர் எழுதிய கடிதத்தைப் பார்க்காமலே ‘மோஷன் ரொட்டீன்’ (சாதாரண மலப் பரிசோதனை) என்று பில் போட்டுவிட்டார். நானும் கவனிக்கவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பிய பிறகு சென்னையிலிருந்து போன்: சி.டிஃப் எங்கே? மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எங்கே? இதெல்லாம் வெறும் சடங்கு இல்லை. 2019-இல் அமெரிக்காவில் இப்படிச் செலுத்திய மலத்தோடு ஏறிய, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியாவால் ஒருவர் இறந்தார். அவரும் ஸ்டெம்செல் மாற்றிக்கொண்டவர். லேபுக்குத் திரும்பப் போய்க் கேட்டதற்கு, “முன்னாடியே சொல்லிருக்கணும் சார்” என்றார் அந்தப் பெண். கடிதம் அவர் மேசையிலேயே கிடந்தது. பில்லை வாங்கியதும் டெஸ்ட் பெயர்களைக் கடிதத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள், பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

மச்சான் மறுபடி மலையிறங்கினார். இந்த முறை எல்லாம் நெகட்டிவ். அன்றைக்கு எடுத்ததுதான் வேண்டும் என்பதால் ஏற்காடு எக்ஸ்பிரஸிலேயே சென்னைக்குப் போய், ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்.

செலுத்தியது அரை மணி நேர வேலை. ஒரே வாரத்தில் குறைந்துவிடவில்லை. இரண்டாம் முறைக்குப் பிறகு நோட்டில் 600, 450, 300. நேற்று இரண்டு கரண்டி ரசம் சாதம் சாப்பிட்டாள். குவளையை இன்னும் தூக்கிப் போடவில்லை.