நள்ளிரவு ஊசியும் அல்புமினும்

வன்னியில் ஒரு வைத்தியசாலையின் மருந்தகத்தில் பணியைத் தொடங்கிய காலத்தில், விடுதிக்கு நான் எண்ணிக் கொடுக்கும் மருந்து முழுவதும் பற்றீரியாவைப் போய்ச் சேர்வதாகவே நினைத்திருந்தேன். படிக்கும்போது வேறு விதமாகத்தான் சொல்லித் தந்தார்கள். அது பரீட்சையோடு போய்விட்டது.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் முதியவர் ஒருவர், மண்வெட்டி பட்ட காயம் சீழ்பிடித்து வந்திருந்தார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, பற்றீரியாவைக் கொல்லும் பென்சிலின் குடும்பத்து மருந்தான கிளொக்சசிலின் 1 கிராம் ஊசி. குருதியில் ஏறும் இந்த மருந்தில் ஏறத்தாழ 95 சதவீதம் அல்புமின் என்னும் புரதத்துடன் பிணைந்துவிடும். பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டும் நொதியத்தைத் தடுப்பது, பிணையாமல் திரியும் மீதிப் பங்கு மட்டுமே. அது வெளியேற வெளியேற, பிணைந்திருந்ததில் கொஞ்சம் விடுபட்டு அந்த இடத்துக்கு வரும். இதை விளக்கியபோது ஐயா சிரித்தார். "குளத்திலை எவ்வளவு நிண்டாலும் துருசாலை வாறதுதானே தம்பி வயலுக்கு."

அவருடைய அல்புமின் 21. லீற்றருக்கு 35 கிராமாவது இருந்திருக்க வேண்டும். பிணைக்கும் புரதம் குறைந்தால் பிணையாத மருந்து கூடும், ஆகவே அளவைக் குறைக்கலாம் என்று விடுதி வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். சிறுநீரகம் வடித்து வெளியேற்றுவதும் அதே பிணையாத பங்கைத்தான் என்றார் அவர். சிறுநீரகம் நன்றாக இயங்கும் இவருக்கு மருந்து வழமையைவிட விரைவாகவே போய்விடும். அதுவும் பென்சிலின் குடும்பத்து மருந்துகளில், அளவு எவ்வளவு உச்சத்துக்கு ஏறியது என்பதைவிட, பற்றீரியாவைத் தடுக்கும் செறிவுக்கு மேல் பிணையாத பங்கு எவ்வளவு நேரம் நின்றது என்பதே காரியம். அல்புமினில் அதிகம் ஒட்டாத ஜென்டமைசின் என்ற இன்னொரு பற்றீரியா எதிர்ப்பு மருந்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

அல்புமினில் இடம்பிடிக்கும் போட்டி இன்னோர் இடத்திலும் வரும். செங்கமாரி கண்ட பச்சிளங்குழந்தைக்கு செஃப்ட்ரையாக்ஸோன் என்ற பற்றீரியா எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தால், அது செங்கமாரியின் மஞ்சள் நிறப் பொருளான பிலிரூபினைப் புரதத்திலிருந்து தள்ளிவிட, விடுபட்ட பிலிரூபின் மூளைவரை போகக்கூடும். அந்த மருந்துக்குச் சீட்டு வந்தால், பிறந்து எத்தனை நாள் என்று இன்றும் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

வைத்தியர் அளவை மாற்றவில்லை. ஐயாவின் மருந்து அட்டையைப் புரட்டினேன். நள்ளிரவு 12 மணி ஊசிக்கு எதிரே ஒரு நாள் 1.40, மறுநாள் 2.05 என்று எழுதியிருந்தது. மாலை 6 மணி ஊசிக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு மணித்தியாலம். இரவில் விடுதி முழுவதற்கும் ஒரே ஒரு தாதி. அளவைக் குறைக்கச் சொல்லப் போன நான், அந்த ஊசி நேரத்துக்கு ஏற என்ன வழி என்று வைத்தியருடன் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன்.