மஞ்சப்பையில வந்த 11 மாத்திரை

போன வருஷம் மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை மதியம், 78 வயசு ஐயா ஒருத்தர் மகனோட கையப் புடிச்சுட்டு என் ரூமுக்குள்ள வந்தாரு. கதவுல இருந்து நாற்காலிக்கு ஆறேழு அடிதான் இருக்கும், அதுக்கு அவருக்கு அவ்ளோ நேரம் ஆச்சு. கால தூக்கி வைக்கல, தரையோட இழுத்து இழுத்து வந்தாரு, ரெண்டு கையும் லேசா ஆடுது, நான் வணக்கம்யான்னு சொன்னதுக்கு பதில் வணக்கம் வந்துச்சு ஆனா முகத்துல ஒரு அசைவு இல்ல. மகன் உக்காரும்போதே சொல்லிட்டாரு, "அப்பாவுக்கு பார்க்கின்சன் சிஸ்டர், ஊர்லயே பாத்து மாத்திரை குடுத்துட்டாங்க, இப்ப மறதியும் ஆரம்பிச்சிருச்சு, நீங்க நியூராலஜிஸ்ட்டுக்கு ஒரு ரெஃபரல் மட்டும் எழுதிக் குடுத்தா போதும்"னு.

ரெஃபரல் எழுத ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. ஆனா நான் கேட்டது, மாத்திரை எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களாங்கிறதத்தான்.

அதுக்கு முன்னாடி நான் யாருன்னு சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கு. மதுரையில பிஎஸ்சி நர்சிங் முடிச்சு, அங்க கொஞ்ச வருஷம் வார்டுல வேலை பாத்து, அமெரிக்கா வந்து திரும்ப நர்ஸா ஆஸ்பத்திரியில இருந்துட்டு, அப்புறம் மாஸ்டர்ஸ் படிச்சு இப்ப டாலஸ் பக்கம் ஒரு பிரைமரி கேர் கிளினிக்ல நர்ஸ் பிராக்டிஷனரா இருக்கேன். என் படிப்பு பேரே பெரியவங்களுக்கும் முதியவங்களுக்குமான பிரைமரி கேர். 13 வயசுக்கு மேல யாரையும் பாக்கலாம், ஆனா என்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல 65 தாண்டினவங்க. நம்ம ஊர்ல இருந்து வர்றவங்க "டாக்டர் எப்ப வருவாங்க"ன்னு கேப்பாங்க, நானே பரிசோதிச்சு நானே மருந்து எழுதுவேன்னு சொல்லி புரிய வைக்கணும். 1965ல கொலராடோ யூனிவர்சிட்டியில லொரெட்டா ஃபோர்டுங்கற நர்ஸும் ஹென்றி சில்வர்ங்கற குழந்தைகள் டாக்டரும் சேர்ந்து ஆரம்பிச்ச படிப்பு இது. டெக்சஸ்ல நான் மருந்து எழுத ஒரு டாக்டரோட ஒப்பந்தம் இருக்கணும், பல மாநிலங்கள்ல அதுவும் வேண்டாம்.

சரி, ஐயா கதைக்கு வரேன் (குடும்பத்துகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன்).

மாத்திரை எங்கன்னு கேட்டதும் மகன் ஃபோன எடுத்து லிஸ்ட் காட்ட வந்தாரு, அதுல ஆறு மாத்திரை பேர்தான் இருந்துச்சு. ஐயா பேசாம மடியில வச்சிருந்த மஞ்சப்பைய எடுத்து மேசை மேல வச்சாரு, ஜவுளிக்கடை பேர் போட்ட நம்ம ஊரு மஞ்சப்பை. இங்க படிக்கும்போது பிரவுன் பேக் ரிவ்யூன்னு சொல்லிக் குடுப்பாங்க, வீட்ல இருக்கற எல்லா மருந்தையும் ஒரு பையில அள்ளிட்டு வரச் சொல்லி ஒண்ணொண்ணா பாக்கறது. எனக்கு அன்னைக்கு மஞ்சப்பையிலயே வந்துச்சு. அதுல கட்டு கட்டா அட்டை, ரப்பர் பேண்ட் போட்டு. பாதி அட்டைய காலைக்கு இது ராத்திரிக்கு இதுன்னு கத்திரியால வெட்டி வெட்டி வச்சிருக்காங்க, அதனால பேர்ல கடைசி நாலு எழுத்துதான் மிச்சம், மில்லிகிராம் எங்கயோ போயிருச்சு. ஒரு மாத்திரைய கண்டுபிடிக்க ஊர்ல இருக்கற மருமகளுக்கு வீடியோ கால் போட்டோம், அங்க ராத்திரி ஒரு மணி, பாவம் அந்தப் பொண்ணு எந்திரிச்சு பழைய பில்ல தேடி எடுத்து படிச்சுக் காட்டுச்சு.

மொத்தம் 11. பிபிக்கு ரெண்டு, அதுல ஒண்ணு டெல்மிசார்டானோட நீர் பிரியற மருந்து சேத்தது. சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த ஒண்ணு. கொலஸ்ட்ரால், கால்சியம், கேஸுக்கு ஒண்ணு. தலைசுத்தலுக்கு சின்னாரிசின், நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில், யூரின் ஃப்ரீயா போக டாம்சுலோசின், தூக்கத்துக்கும் படபடப்புக்கும் அல்பிரசோலம். பதினொண்ணாவது, இங்க வந்தப்புறம் அப்பா தூங்கலன்னு மகன் கடையில வாங்கிக் குடுத்தது, பேர்ல பிஎம்னு போட்டிருக்கற வலி மாத்திரை.

ஒரு வெள்ளத்தாள எடுத்து கோடு போட்டேன். எது எப்ப ஆரம்பிச்சதுன்னு மகன் வாட்ஸாப்ல இருந்த சீட்டு ஃபோட்டோ தேதிகள வச்சு எழுதிக்கிட்டே வந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கேம்ப்ல பிபி 150 இருக்குன்னு சொல்லி, நீர் மருந்து சேத்த மாத்திரையா மாத்தியிருக்காங்க. அடுத்த மாசம், எந்திரிச்சா தலை சுத்துது. அதுக்கு சின்னாரிசின், தினம் மூணு வேளை, அத நிறுத்தச் சொல்லி யாருமே சொல்லல. எட்டு மாசம் கழிச்சு நடுக்கம், நடை மெதுவாச்சு. பார்க்கின்சன்னு டிரைஹெக்ஸிஃபெனிடில். அதுக்கப்புறம் யூரின் தடைபடுது, மலச்சிக்கல், பேசிட்டு இருக்கும்போதே பேச்ச மறந்துடறாரு. யூரினுக்கு டாம்சுலோசின். டாம்சுலோசின் வந்தப்புறம் தலைசுத்தல் இன்னும் அதிகம், ஒரு தடவ பாத்ரூம்ல விழுந்துட்டாரு.

கோட்ட முடிச்சுட்டுப் பாத்தா, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து நிக்குது. தலைசுத்தல்ல இருந்து தலைசுத்தலுக்கு.

கிணறு வெட்ட பூதம் கிளம்பின மாதிரின்னு நம்ம ஊர்ல சொல்றது இதத்தான். மருத்துவத்துல பிரிஸ்க்ரைபிங் கேஸ்கேட்னு பேரு, 1990கள்ல பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ்னு ரெண்டு டாக்டருங்க இத பத்தி எழுதினாங்க. ஒரு மருந்தோட பக்க விளைவ புது வியாதின்னு எடுத்துக்கிட்டு அதுக்கு இன்னொரு மருந்து, அதோட பக்க விளைவுக்கு இன்னொண்ணு. யாரையும் நான் குத்தம் சொல்லல. தலைசுத்தலுக்கு ஒரு டாக்டர், நரம்புக்கு ஒருத்தர், யூரினுக்கு ஒருத்தர், ஒவ்வொருத்தரும் தன் முன்னாடி வந்த துண்ட மட்டும் பாத்திருக்காங்க, மொத்த மஞ்சப்பையையும் ஒரே மேசையில யாரும் கொட்டிப் பாக்கல. அதனாலதான் என்கிட்ட டிரெய்னிங் வர்ற பிள்ளைங்ககிட்ட திரும்பத் திரும்ப சொல்றேன், 65க்கு மேல ஒருத்தர் எந்தப் புதுத் தொந்தரவோட வந்தாலும் மொத கேள்வி இது மருந்தால வந்திருக்குமான்னு இருக்கணும், புது வியாதியாங்கிறது அதுக்கு அப்புறம்.

சின்னாரிசின் விஷயத்த கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா வீட்ல கிடக்கற மாத்திரை, அமெரிக்காவுல இதுக்கு அனுமதியே கிடையாது, அதனால இங்க இருக்கறவங்களுக்கு பேரே தெரியாம இருக்கலாம். நம்ம அசைவுக்கு வேணுங்கற டோப்பமின்ங்கற ரசாயனம் மூளையில வேலை செய்யற இடத்த இது அடைக்குது. பார்க்கின்சன்ல டோப்பமின் குறைஞ்சு போகுது, இங்க டோப்பமின் இருந்தும் பிரயோஜனம் இல்லாம போகுது, வெளிய பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான். தலைவலிக்கு குடுக்கற ஃப்ளூனாரிசின், வாந்திக்கு குடுக்கற மெட்டோகுளோப்ரமைடு, தலைசுத்தலுக்கும் வாந்திக்கும் குடுக்கற புரோகுளோர்பெரசின் இதெல்லாமும் அப்படித்தான். கேஸ் மாத்திரையோட லெவோசல்பிரைடுன்னு ஒண்ண கலந்து வருது பாருங்க, அதுவும் இதே குடும்ப வேலைதான். அப்பா அம்மாவுக்கு திடீர்னு நடை மெதுவாகி கை ஆடுதுன்னா தயவுசெஞ்சு அட்டையோட பின்பக்கத்த திருப்பி சின்ன எழுத்துல என்ன கலந்திருக்குன்னு படிங்க, படிச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.

அன்னைக்கு நான் செஞ்ச பரிசோதனையில பெரிய மெஷின் எதுவும் இல்ல. ஐயாவ அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு பிபி எடுத்தேன், 138க்கு 76. எந்திரிச்சு நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல 112க்கு 64, மூணாவது நிமிஷம் 108க்கு 62. மேல இருக்கறது 20 இறங்கினாலோ கீழ இருக்கறது 10 இறங்கினாலோ நிக்கும்போது பிபி விழுதுன்னு அர்த்தம், அவருக்கு 30 இறங்கியிருக்கு. உக்காந்த வாக்குல மட்டும் பிபி பாத்திருந்தா பிபி சூப்பரா இருக்குன்னு அனுப்பியிருப்போம். வயசானா எந்திரிக்கும்போது ரத்தக்குழாய இறுக்கி ரத்தத்த மேல அனுப்பற அந்த அனிச்சை வேலை மெதுவாயிடும், அதுல நீர் மருந்தும் டாம்சுலோசினும் சேந்தா என்ன ஆகும்.

அப்புறம் நாற்காலில இருந்து எந்திரிச்சு மூணு மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரச் சொன்னேன், 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழற அபாயம் இருக்குன்னு எடுத்துக்குவோம், அவருக்கு 21 ஆச்சு. மூணு வார்த்தை சொல்லி ஞாபகம் வச்சுக்கச் சொல்லிட்டு ஒரு கடிகாரம் வரையச் சொன்னேன். பதினொண்ணு பத்துக்கு முள் வைக்கணும். எண் எல்லாத்தையும் வலது பக்கமே அடைச்சு எழுதிட்டு, முள்ள எங்க வைக்கறதுன்னு தெரியாம பேனாவ புடிச்சுட்டே இருந்தாரு. அப்புறம் என்னப் பாத்து மெதுவா, "நான் முப்பத்தியாறு வருஷம் கணக்கு வாத்தியாரும்மா"ன்னாரு. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. எனக்கும் ஒரு நிமிஷம் தொண்டை அடைச்சுருச்சு.

ரத்த ரிப்போர்ட் வந்தப்ப, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற க்ரியாட்டினின் 1.1, நார்மல்னு பச்சைல காட்டுது. இங்கதான் நெறைய பேர் ஏமாந்துடறாங்க. க்ரியாட்டினின் தசையில இருந்து வர்றது, ஐயா 52 கிலோ, தசை கரைஞ்சுபோன உடம்பு, அப்ப கிட்னி மெதுவா வேலை செஞ்சாலும் நம்பர் நல்லாதான் இருக்கும். வயசு எடை எல்லாம் போட்டு காக்ரோஃப்ட் கால்ட் கணக்குப்படி பாத்தா கிட்னி வடிகட்டற வேகம் நிமிஷத்துக்கு 41 மில்லி கிட்டதான் வருது, அதாவது கிட்னி வழியா வெளிய போற மருந்து எதுவா இருந்தாலும் அவரு உடம்புல அதிக நேரம் தங்கும். மூணு மாச சுகர் சராசரி 6.4. கேக்க பெருமையா இருக்கும், ஆனா இவ்ளோ தொந்தரவு இருக்கற 78 வயசுக்காரருக்கு 8க்குள்ள இருந்தாலே போதும்னுதான் அமெரிக்க நீரிழிவு சங்கமே சொல்லுது, 6.4ன்னா கிளிமிபிரைடு அவர லோ சுகர் பக்கம் தள்ளிட்டு இருக்கு. காலைல வேர்க்குதா, படபடன்னு வருதான்னு கேட்டேன், ஆமான்னாரு, அத பயம்னு நெனச்சுதான் அல்பிரசோலம் ஆரம்பிச்சிருக்காங்க.

எல்லாத்தையும் அன்னைக்கே நிறுத்திரணும்னு கை பரபரக்கும். அது தப்பு, ஒரே நேரத்துல நாலு மாத்தினா எது உதவிச்சு எது கெடுத்துச்சுன்னு தெரியாது, சிலத டக்குனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, அல்பிரசோலத்த திடீர்னு விட்டா ஃபிட்ஸ் வரலாம். எங்க டாக்டரோட உக்காந்து பேசி வரிசை போட்டோம். மொத நாள் சின்னாரிசினும் அந்த பிஎம் மாத்திரையும் கட். பிஎம்ல இருக்கற டைஃபென்ஹைட்ரமின் வயசானவங்களுக்கு மறதிய கூட்டும், யூரின அடைக்கும், அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் வெளியிடற பியர்ஸ் பட்டியல்ல முடிஞ்சவரை தவிர்க்கணும்னு இருக்கற மருந்து. (1991ல மார்க் பியர்ஸ்ங்கற டாக்டர் ஆரம்பிச்சது, 2023லயும் புதுப்பிச்சாங்க, அல்பிரசோலம், டிரைஹெக்ஸிஃபெனிடில், கிளிமிபிரைடு மூணும் அதுல இருக்கு. என் மேசைல பிரின்ட் போட்டு ஒட்டி வச்சிருக்கேன்.) அதோட கிளிமிபிரைடு இல்லாத வெறும் மெட்ஃபார்மின். ரெண்டு வாரம் கழிச்சு நீர் மருந்து இல்லாத வெறும் டெல்மிசார்டான். அதுக்கப்புறம் டிரைஹெக்ஸிஃபெனிடில கொஞ்சம் கொஞ்சமா இறக்கினோம், அது முழுசா நின்னப்புறம்தான் டாம்சுலோசின நிறுத்தினோம். நியூராலஜி ரெஃபரலும் எழுதினேன், ஏன்னா சில பேருக்கு உள்ளுக்குள்ள நெஜமாவே பார்க்கின்சன் ஆரம்பிச்சிருக்கும், மருந்து அத வெளிய காட்டியிருக்கும், நிறுத்தி மாசக்கணக்குல பாத்தாதான் தெரியும்.

இதுல நான் இவ்ளோ பிடிவாதமா இருக்கறதுக்கு எங்க அம்மாச்சிதான் காரணம். நான் நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, தூக்க மாத்திரை போட்டுட்டு படுத்தவங்க ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சு விழுந்து இடுப்பு உடைஞ்சு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியில எல்லாரும் வயசாச்சுல்லன்னு சொன்னாங்க, நானும் அப்ப அப்படித்தான் நெனச்சேன். இப்ப யாராச்சும் வயசாச்சுல்லன்னு சொன்னா எனக்கு கோவம் வருது. வயசு ஒரே ராத்திரியில வராது. நேத்து வரைக்கும் பேப்பர் படிச்ச பாட்டி இன்னைக்கு பேத்திய அடையாளம் தெரியலன்னா அது வயசு இல்ல, உடம்புல ஏதோ நடக்குது, காய்ச்சலே இல்லாம நிமோனியா இருக்கலாம், நெஞ்சு வலியே இல்லாம ஹார்ட் அட்டாக் இருக்கலாம், புதுசா போட்ட மாத்திரையா இருக்கலாம்.

ஐயாவுக்கு மொத வித்தியாசம் தெரிஞ்சது மூணாவது வாரம், தலைசுத்தல் பாதியாச்சு. நடுக்கம் அவ்ளோ சீக்கிரம் போகல, ரெண்டாவது மாசம் மகன் ஃபோன் பண்ணி "அக்கா ஒண்ணும் மாறலையே, அந்தப் பழைய மாத்திரையே குடுக்கலாமா"ன்னு கேட்டாரு, இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டேன், சொல்லிட்டு எனக்கு அன்னைக்கு சரியா தூக்கம் இல்ல. நாலாவது மாசம் அவர் வந்தப்ப கால தூக்கி வச்சு நடந்து வந்தாரு. மூணு மீட்டர் நடைக்கு 13 செகண்ட். நியூராலஜிஸ்ட்டும் பாத்துட்டு, மருந்தால வந்ததுதான் போல, இன்னும் ஆறு மாசம் கழிச்சு பாக்கலாம்னு எழுதியிருந்தாரு. டாம்சுலோசின் இல்லாமலே யூரின் போகுது. நிக்கும்போது பிபி இப்ப எட்டுதான் இறங்குது.

கடிகாரம் வரையச் சொல்லி தாள நீட்டினேன். பன்னெண்டு எண்ணும் அது அது இடத்துல, முள்ளு ரெண்டும் பதினொண்ணு பத்துக்கு. வரைஞ்சு முடிச்சுட்டு தாள என் பக்கம் திருப்பி வச்சு, "மார்க் போடு பாப்பா"ன்னாரு.

அல்பிரசோலம் மட்டும் இன்னும் முழுசா விடல. கால் மாத்திரைக்கு வந்திருக்கோம், அடுத்த மாசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஆக்கிப் பாக்கணும். வரும்போது மஞ்சப்பையயும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.